லினக்ஸில் மிடி கன்ட்ரோலர்: கேபிள் செருகுவதிலிருந்து சுருதி மாற்றும் ஸ்கிரிப்ட் வரை

பாடகர் தன் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்கிறார்: "இன்றைக்கு நாலரைக் கட்டை". கீபோர்டு வாசிப்பவருக்கு ஒன்றாம் கட்டையில் வாசிக்கும் விரல்பழக்கம்தான் கைவந்தது. விலை உயர்ந்த கீபோர்டில் டிரான்ஸ்போஸ், அதாவது சுருதியை மாற்றும் பட்டன் இருக்கும். யூஎஸ்பி வழியாக மடிக்கணினியோடு பேசும் சின்ன கீபோர்டுகள் சிலவற்றில் இருக்காது, இருந்தாலும் எந்தச் சுருதியில் நிற்கிறோம் என்று அது காட்டாது. இந்த வழிகாட்டியின் முடிவில், பக்கத்தில் வைத்த ஸ்லைடர் பெட்டியில் ஒரு பட்டனை அழுத்தினால் சுருதி மாறும், ஸ்லைடரை நகர்த்தினால் ஒலி அளவு மாறும்.

நான் எடுத்துக்கொண்டவை டெபியன் 12 என்ற லினக்ஸ் நிறுவிய மடிக்கணினி, ஒரு யூஎஸ்பி மிடி கீபோர்டு, கோர்க் நானோகன்ட்ரோல்2 என்ற ஸ்லைடர் பெட்டி. மிடி என்பது இசைக் கருவிகள் பேசும் பொது மொழி; அதில் போவது ஒலி அல்ல, எந்த விசை அழுத்தப்பட்டது போன்ற செய்திகள். உங்கள் பெட்டி வேறாக இருந்தால் எண்கள் மாறும், வரிசை மாறாது. கட்டளைகளின் பெயர்களைத் தமிழில் ஒலிபெயர்த்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் எழுத வேண்டும்.

1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

நிறுவ வேண்டிய தொகுப்புகள்: ஆல்சா யூட்டில்ஸ் (லினக்ஸின் ஒலி, மிடி அமைப்பான ஆல்சாவுக்கான கட்டளைகள்), க்யூசிந்த் (மிடி செய்தியை ஒலியாக்கும் சிந்த், அதாவது மென்பொருள் வாத்தியம்), ஃப்ளூயிட் சவுண்ட்ஃபான்ட் ஜிஎம் (அதற்கான வாத்திய ஒலிகள்), க்யூபிடபிள்யூகிராஃப் (இணைப்புகளைப் படமாகக் காட்டுவது), பைத்தானில் மிடி செய்திகளைக் கையாளும் மிடோ, ஆர்டிமிடி. பைத்தான் தொகுப்புகளை டெபியனின் நிறுவல் கருவியான ஆப்ட் மூலமே நிறுவுங்கள். பைத்தானின் சொந்த நிறுவல் கருவியான பிப் மூலம் நேரடியாக நிறுவ முயன்றால், டெபியன் 12 முதல் "வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்" என்று சொல்லி மறுத்துவிடும். அந்தத் தடையை வம்படியாக உடைக்கும் வழிகள் இருக்கின்றன. வேண்டாம், பிறகு கணினியின் பைத்தானே குழம்பும்.

யூஎஸ்பி கேபிள் ஒன்றைத் தனியாகச் சோதித்து எடுத்து வையுங்கள். மின்னேற்றத்துக்கு மட்டும் பயன்படும் கேபிளைச் செருகினால் பெட்டியின் விளக்கு எரியும், கணினிக்கு ஒன்றும் தெரியாது. விளக்கு எரிகிறதே என்று டிரைவரைத் தேடி மாலைப்பொழுதைத் தொலைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு தாளும் பேனாவும் வேண்டும். மூன்றாம் படியில் ஏன் என்று தெரியும்.

2. கணினி கருவியைப் பார்க்கிறதா?

இன்றைய யூஎஸ்பி மிடி கருவிகளில் பெரும்பாலானவை பொதுத் தரத்துக்கு இணங்கியவை. லினக்ஸின் மையமான கெர்னலில் உள்ள யூஎஸ்பி ஆடியோ டிரைவரே அவற்றைப் பேச வைத்துவிடும். டிரைவர் பதிவிறக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதலில், செருகிய யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை. அதில் பெயர் வரவில்லை என்றால் கேபிள், ஹப், போர்ட் ஆகியவற்றில்தான் கோளாறு, மேலே போகாதீர்கள். பெயர் வந்தால் அடுத்து, மிடி இணைப்புகளைக் காட்டவும் இணைக்கவும் உதவும் ஏகனெக்ட். ஆங்கில ஏ எழுத்தையும் கனெக்ட் என்ற சொல்லையும் ஒட்டி எழுதி, பட்டியலுக்கான ஹைபன் எல் சேர்த்து இயக்குங்கள்.

பட்டியலில் 0 என்ற எண்ணில் சிஸ்டம், 14 இல் மிடி த்ரூ, 16 முதல் வன்பொருள் கருவிகள், 128 முதல் மென்பொருள்கள் என்று வரும். கீபோர்டு 20 என்றும் ஸ்லைடர் பெட்டி 24 என்றும் தெரியலாம். அந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். செருகும் வரிசை மாறினால் நாளை அவை இடம் மாறியிருக்கும். பெயரைத்தான் நம்ப வேண்டும். ஸ்கிரிப்ட் எழுதும்போது இது உயிர்நாடி.

ஒரே கருவிக்கு லினக்ஸில் இரண்டு முகம் உண்டு. ஏகனெக்ட் காட்டுவது சீக்வென்சர் முகம்: பல நிரல்கள் ஒரே நேரத்தில் கேட்கலாம், சொல்லலாம். ஏமிடி கட்டளை காட்டுவது கச்சா முகம்: அதை ஒரு நிரல் பிடித்துக்கொண்டால் மற்றவற்றுக்கு "கருவி வேலையாக இருக்கிறது" என்ற பதில்தான் கிடைக்கும். இந்த வழிகாட்டி முழுவதும் சீக்வென்சர் முகத்தையே பயன்படுத்துகிறோம். ஏதோ ஒரு மென்பொருளின் அமைப்பில் கச்சா மிடியைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றதெல்லாம் ஊமையாகிவிட்டது என்று வருந்துவது வழக்கமான பிழை.

3. ஒவ்வொரு பட்டனும் என்ன சொல்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்

எல்லாரும் தாவிக் குதிக்கும் படி இது. தாவியவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள்.

வரும் மிடி செய்திகளைத் திரையில் காட்டும் ஏசெக்டம்ப் என்ற கட்டளைக்கு ஹைபன் பி போட்டுக் கருவியின் எண்ணைக் கொடுங்கள். இப்போது ஒரு பட்டனை அழுத்தி விடுங்கள், ஒரு ஸ்லைடரை அடியிலிருந்து உச்சிக்கு நகர்த்துங்கள். திரையில் ஓடும் வரிகளைத் தாளில் குறியுங்கள்: எந்தப் பட்டன், எந்த கன்ட்ரோலர் எண் (அந்தப் பட்டனோ ஸ்லைடரோ தன்னை அடையாளம் காட்டும் எண்), அழுத்தும்போது என்ன மதிப்பு, விடும்போது என்ன மதிப்பு.

நானோகன்ட்ரோல்2 சிசி (கன்ட்ரோல் சேஞ்ச்) மோடில், தொழிற்சாலை அமைப்பில் சொல்லும் கன்ட்ரோலர் எண்கள் இவை. எட்டு ஸ்லைடர்கள் 0 முதல் 7 வரை. எட்டுத் திருகிகள் 16 முதல் 23 வரை. எஸ் பட்டன்கள் 32 முதல் 39, எம் பட்டன்கள் 48 முதல் 55, ஆர் பட்டன்கள் 64 முதல் 71. ட்ராக் இடது 58, ட்ராக் வலது 59. பிளே 41, ஸ்டாப் 42. உங்களுக்கு வேறு எண்கள் வந்தால் பெட்டி வேறு மோடில் இருக்கிறது. மோடை மாற்றும் பட்டன் சேர்க்கை அதன் கையேட்டில் இருக்கும்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பட்டனை அழுத்தினால் 127, விட்டால் 0 என்று இரண்டு செய்திகள் வருகின்றன. அடுத்து, ஒரே மிடி இணைப்பில் பதினாறு தனித்தனித் தடங்கள் உண்டு, அவை சேனல்கள். ஏசெக்டம்ப் சேனலை 0 முதல் 15 வரை எண்ணுகிறது. கருவிகளின் கையேடுகள் 1 முதல் 16 வரை எண்ணுகின்றன. கையேட்டின் 10 ஆம் சேனல் இங்கே 9. பைத்தானின் மிடோவும் 0 முதல்தான் எண்ணும். தாளில் எந்தக் கணக்கில் எழுதினீர்கள் என்பதை மேலே குறித்துவிடுங்கள்.

4. முதலில் ஒலி, பிறகு இணைப்பு

க்யூசிந்த்தைத் திறந்து அமைப்புக்குள் செல்லுங்கள். மிடி டிரைவர் ஆல்சா சீக்வென்சர். ஆடியோ டிரைவர் பட்டியலில் பைப்வயர் இருந்தால் அது, இல்லையென்றால் பல்ஸ் ஆடியோ; இரண்டும் லினக்ஸில் ஒலியை ஸ்பீக்கருக்குக் கொண்டுசெல்லும் நிரல்கள். சவுண்ட்ஃபான்ட் பகுதியில் ஃப்ளூயிட் ஜிஎம் கோப்பைச் சேருங்கள். இதை மறந்தால் எல்லாம் சரியாக இருந்தும் ஒலி மட்டும் வராது. பிழைச் செய்தி கண்ணில் படும் இடத்திலும் வராது.

மிடி இன்புட்களைத் தானாக இணைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். மிடி கிளையன்ட் பெயர் என்ற கட்டத்தில் நிரலின் செயல் எண்ணுக்குப் பதிலாக நிலையான ஒரு பெயரைக் கொடுங்கள். அப்படியே விட்டால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பெயரின் வால் மாறும்.

தாமதத்தை இப்போதே பார்த்துவிடுங்கள். பைப்வயர் ஒரு தவணையில் கையாளும் ஒலித் துண்டின் அளவைக் குவான்டம் என்கிறார்கள். நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில் 1024 என்றால் ஏறத்தாழ 21 மில்லிவினாடி; 256 என்றால் 5.3, 128 என்றால் 2.7. இருபத்தொன்றில் விரலுக்கும் காதுக்கும் நடுவே ஒரு சவ்வு இருப்பது போலத் தோன்றும். 256 இல் தொடங்குங்கள். பிடபிள்யூ-டாப் கட்டளையின் பிழைப் பத்தியில் எண் ஏறிக்கொண்டே போனால் கணினி திணறுகிறது, அளவைக் கூட்டுங்கள். ஏறாமல் இருந்தால் 128 ஐ முயலலாம். சிறிய எண்தான் பெருமை என்று 32 க்குப் போய், கச்சேரி நடுவே படபடவென்று ஒலி உடைவதைக் கேட்பதில் பயனில்லை.

ப்ளூடூத் ஸ்பீக்கரில் இதைச் சோதிக்காதீர்கள். அதன் தாமதத்தை எந்தக் குவான்டமும் குறைக்காது.

5. நேரடியாக இணைத்து ஒரு பாடம்

கீபோர்டின் எண்ணை முதலிலும் க்யூசிந்த்துக்குள் ஓடும் ஃப்ளூயிட்சிந்த்தின் எண்ணை அடுத்தும் கொடுத்து ஏகனெக்ட் இயக்குங்கள். பேசுபவர் முன்னால், கேட்பவர் பின்னால். வாசித்தால் பியானோ கேட்க வேண்டும். படமாகப் பார்க்க விரும்பினால் க்யூபிடபிள்யூகிராஃப் திறந்து கோடு இழுக்கலாம்.

இப்போது ஸ்லைடர் பெட்டியையும் அப்படியே சிந்த்துக்கு இணைத்துப் பாருங்கள். முதல் ஆர் பட்டனைப் பிடித்துக்கொண்டு கீபோர்டில் நான்கு ஸ்வரம் வாசித்தால் நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக மிதக்கும். ஏனென்றால் அந்தப் பட்டன் சொல்வது 64. மிடி தரத்தில் 64 என்பது சஸ்டெயின் பெடல், அதாவது விரலை எடுத்த பின்னும் ஸ்வரத்தை ஒலிக்க வைப்பது. எட்டாவது ஸ்லைடர் 7, அது ஒலி அளவு. இரண்டாவது ஸ்லைடர் 1, அது மாடுலேஷன். முதல் ஸ்லைடர் 0, அது பேங்க் தேர்வு, அதாவது எந்த வாத்தியத் தொகுதி என்பது. அதை நகர்த்திய பின் வேறு வாத்தியத்தைத் தேர்ந்தெடுத்தால் எதிர்பாராத ஒன்று வந்து நிற்கலாம்.

பெட்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒலிப்பதிவு மென்பொருளுக்குக் கட்டளையிடப் பிறந்த கருவி அது. அங்கே எண்களுக்கு நாம் கொடுப்பதுதான் பொருள். சிந்த்துக்கோ ஒவ்வொரு எண்ணுக்கும் முன்பே பொருள் உண்டு. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதுதான் ஸ்கிரிப்ட்.

அடுத்த படிக்கு முன் எல்லா இணைப்புகளையும் துண்டியுங்கள்: ஏகனெக்ட், ஹைபன் எக்ஸ். கீபோர்டிலிருந்து சிந்த்துக்கு நேர்க்கோடு ஒன்று மிஞ்சியிருந்தால், ஸ்கிரிப்ட் மாற்றிய ஸ்வரமும் மாற்றாத ஸ்வரமும் சேர்ந்து ஒலிக்கும். "என் ஸ்கிரிப்ட் இரண்டு ஸ்வரம் அனுப்புகிறது" என்று நிரலுக்குள் தேடுபவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தப் பட்டியலைத்தான்.

6. ஸ்கிரிப்ட்டின் எலும்புக்கூடு

முதல் வடிவம் ஒன்றையும் மாற்றக் கூடாது. வந்ததை வந்தபடி அனுப்ப வேண்டும். இது வேலை செய்கிறது என்று உறுதியான பிறகே புத்திசாலித்தனத்தைச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் கோளாறு இணைப்பிலா கணக்கிலா என்று தெரியாது.

நிரல் செய்ய வேண்டியவை, வரிசையில்: மிடோவிடம் இன்புட் பெயர்ப் பட்டியலைக் கேள். கீபோர்டின் பெயரில் தொடங்கும் முதல் போர்ட்டைத் திற. பெட்டிக்கும் அப்படியே. அவுட்புட் பட்டியலில் ஃப்ளூயிட் என்று தொடங்குவதைத் திற. பிறகு முடிவில்லாச் சுற்று: ஒவ்வொரு இன்புட்டிலும் காத்திருக்கும் செய்திகளை எடு, கீபோர்டிலிருந்து வந்ததை அவுட்புட்டுக்கு அனுப்பு, பெட்டியிலிருந்து வந்ததைத் திரையில் அச்சிடு, ஒரு மில்லிவினாடி தூங்கு.

"பெயரில் தொடங்கும்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். மிடோ காட்டும் முழுப் பெயரின் கடைசியில் கிளையன்ட் எண்ணும் ஒட்டியிருக்கும். முழுப் பெயரையும் நகலெடுத்து ஒட்டினால் இன்று ஓடும், நாளை ஓடாது.

அந்த ஒரு மில்லிவினாடித் தூக்கத்தை விட்டுவிட்டால் பிராசசரின் ஒரு கோர் முழுவதையும் நிரல் விழுங்கும், விசிறி இரைச்சலிடும். இருக்கிற எல்லா இன்புட்டையும் அவுட்புட்டையும் திறந்துவிடலாமே என்ற சோம்பலும் கூடாது. தனக்கு வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும் மிடி த்ரூவும் அதில் அடக்கம். அனுப்பியது திரும்பி வந்து, அதையே மறுபடி அனுப்பி, செய்தி முடிவில்லாமல் சுற்றும்.

பெட்டியையும் கீபோர்டையும் தனித்தனியாக அடையாளம் காண்பதற்குக் காரணம் உண்டு. கீபோர்டும் 58 என்ற எண்ணை அனுப்பக்கூடும். யார் சொன்னது என்று பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் வாசிப்பின் நடுவே சுருதி ஏறும்.

7. சுருதி மாற்றமும் தொங்கும் ஸ்வரமும்

கணக்கு எளிது. பெயர்ச்சி என்ற ஒரு எண், சுருதி எத்தனை அரை ஸ்வரம் நகர்ந்திருக்கிறது என்பது. ட்ராக் வலது பட்டன் அதை ஒன்று கூட்டும், இடது ஒன்று குறைக்கும். கீபோர்டிலிருந்து வரும் ஒவ்வொரு ஸ்வர எண்ணோடும் அதைக் கூட்டி அனுப்பினால் முடிந்தது என்று தோன்றும். முதல் முறை நானும் அப்படித்தான் எழுதினேன். ஒரு பஜனையில் இடது கையில் ஸ ஒலித்துக்கொண்டிருக்கும்போதே சுருதியை ஏற்றினேன். விரலை எடுத்தேன், ஸ நிற்கவில்லை. மடிக்கணினியின் ஒலியை அணைக்கும்வரை நிற்கவில்லை.

நடந்தது இது. விரல் அழுத்திய விசையின் ஸ்வர எண் 60. அப்போது பெயர்ச்சி 0, எனவே 60 ஒலிக்கத் தொடங்கியது. நடுவில் பெயர்ச்சி 1 ஆனது. விரல் எடுக்கும்போது ஸ்கிரிப்ட் "61 ஐ நிறுத்து" என்றது. 61 ஒலிக்கவே இல்லை. 60 ஐ நிறுத்து என்று சொல்ல யாருமில்லை.

எனவே நிறுத்தும்போது கணக்குப் போடக் கூடாது; நினைவிலிருந்து எடுக்க வேண்டும். பைத்தானின் அகராதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்; சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் பட்டியல் அது. ஸ்வரம் தொடங்கும்போது, சேனலும் விரல் அழுத்திய எண்ணும் சாவி. உண்மையில் அனுப்பிய எண் மதிப்பு. நிறுத்தும் செய்தி வந்தால் சாவியைத் தேடி, அங்கே இருக்கும் எண்ணுக்கு நிறுத்தத்தை அனுப்பி, பதிவை நீக்குங்கள். சாவி இல்லையென்றால் பேசாமல் விட்டுவிடுங்கள்.

இதில் மூன்று கண்ணிகள். முதலாவது, பல கீபோர்டுகள் நிறுத்தும் செய்தியை அனுப்புவதில்லை. வேகம் (விசையை எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்ற மதிப்பு) 0 உள்ள தொடக்கச் செய்தியை அனுப்புகின்றன. மிடி தரத்தில் இரண்டும் ஒன்றே, மிடோவுக்கு அவை வேறுவேறு. இரண்டையும் நிறுத்தமாகக் கருதும் நிபந்தனையை முதலில் எழுதுங்கள். இரண்டாவது, கூட்டிய எண் 0 முதல் 127 க்குள் இல்லையென்றால் மிடோ பிழை எறிந்து நிரல் செத்துவிடும்; அனுப்பும் முன் சோதியுங்கள். மூன்றாவது, கீபோர்டில் தாளப் பேட்கள் இருந்து அவை 10 ஆம் சேனலில், அதாவது மிடோவின் 9 இல் பேசினால், அவற்றுக்குப் பெயர்ச்சி கூடாது. அங்கே ஒவ்வொரு எண்ணும் ஒரு தோல் அல்லது தட்டு. சுருதி ஏற்றினால் கிக் டிரம் சைட் ஸ்டிக் ஆகிவிடும்.

பெடல், பிட்ச் பெண்ட் போன்ற மற்ற செய்திகளை அப்படியே அனுப்புங்கள். பெடலை மிதித்தபடி சுருதி மாற்றினால் பழைய ஸ்வரங்கள் பெடல் விடும்வரை ஒலிக்கும். அது பிழை அல்ல, கையும் காலும் செய்த முடிவு.

திரையில் எண்ணுக்குப் பதில் கட்டையைக் காட்டுவது நல்லது. இங்கே கூட்டல் கணக்கு உதவாது: மூன்று கட்டைக்கும் நாலு கட்டைக்கும் இடையே அரை ஸ்வர தூரம்தான், மூன்றரை என்று ஒன்றில்லை. ஏழுக்கும் மேல் ஒன்றுக்கும் இடையிலும் அப்படியே. பன்னிரண்டு பெயர்களைப் பட்டியலாக எழுதிவிடுங்கள்: 1, 1½, 2, 2½, 3, 4, 4½, 5, 5½, 6, 6½, 7. பெயர்ச்சியைப் பன்னிரண்டால் வகுத்த மீதி, பட்டியலில் இடம். பைத்தானில் எதிர்மறை எண்ணுக்கும் மீதி நேர்மறையாகவே வரும். பெயர்ச்சி −5 என்றால் மீதி 7, அதாவது 5 கட்டை, கீழ் ஸ்தாயியில். பெயர்ச்சியை −5 முதல் +6 வரை கட்டுப்படுத்தினால் பன்னிரண்டு சுருதியும் அடங்கும்.

8. பட்டனும் ஸ்லைடரும்

பட்டன் இரண்டு செய்தி அனுப்புகிறது என்று மூன்றாம் படியில் குறித்தீர்கள் அல்லவா? மதிப்பு 127 ஆக இருந்தால் மட்டும் செயல்படுங்கள். இல்லாவிட்டால் ஒரு அழுத்தலுக்குச் சுருதி இரண்டு படி ஏறும். சுருதிக்குத் திருகியைப் பயன்படுத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 128 நிலைகளைப் பன்னிரண்டாகப் பிரித்தால் எல்லையில் நிற்கும் திருகி லேசாக அதிர்ந்தாலும் சுருதி தாவும். மேடையில் பட்டன்தான் பத்திரம்.

ஸ்டாப் பட்டனுக்கு ஒரு வேலை கொடுங்கள்: அகராதியில் இருக்கும் எல்லா ஸ்வரங்களுக்கும் நிறுத்தம், பிறகு பதினாறு சேனல்களுக்கும் கன்ட்ரோலர் 64 இல் மதிப்பு 0 (பெடலை விடு), கன்ட்ரோலர் 123 இல் மதிப்பு 0 (எல்லா ஸ்வரங்களையும் நிறுத்து). ஆபத்துக் காலத்தில் கை தானாகத் தேடும் பட்டன் இது. நிரல் முடியும்போதும் இதே வேலை நடக்கும்படி செய்யுங்கள்.

ஸ்லைடர்களில் முதலாவதை 7 க்கும், இரண்டாவதை 91 க்கும் மொழிபெயர்க்கலாம். ஃப்ளூயிட்சிந்த் 91 ஐ ரிவர்ப், அதாவது எதிரொலிப்பின் அளவாக எடுத்துக்கொள்ளும். மற்றவற்றைக் கைவிடுங்கள். பட்டியலில் இல்லாத எண் சிந்த்துக்குப் போகவே கூடாது.

ஸ்லைடரில் ஒரு சங்கடம். நிரல் தொடங்கும்போது ஒலி அளவை 100 என்று வைக்கிறது. கையில் உள்ள ஸ்லைடரோ அடியில் கிடக்கிறது. அதைத் தொட்டவுடன் ஒலி 100 இலிருந்து 3 க்கு விழும். இதைத் தவிர்க்க, ஸ்லைடர் நடப்பு மதிப்பைக் கடக்கும்வரை அதைப் புறக்கணியுங்கள். முந்தைய நிலை 100 க்குக் கீழும் இப்போதைய நிலை 100 அல்லது அதற்கு மேலும் இருந்தால், அல்லது நேர்மாறாக இருந்தால், அந்த நொடி முதல் ஸ்லைடரிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். ஆறு வரி நிரல். சபை நடுவில் பாடகர் திரும்பிப் பார்ப்பதைத் தவிர்க்கும்.

9. தானாகத் தொடங்கவும், கேபிள் கழன்றால் மீளவும்

கருவி செருகியதும் ஸ்கிரிப்ட் ஓட வேண்டும் என்று பலர், செருகும் கருவிகளைக் கவனிக்கும் யூடெவின் விதியில் நிரலை நேரடியாக எழுதுகிறார்கள். யூடெவ் சின்னச் சின்ன வேலைகளுக்கானது. நீண்ட நேரம் ஓடும் நிரலைக் கொன்றுவிடும். பின்னணி நிரல்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் பயனர் சேவையாக எழுதுவதே சரி. உங்கள் வீட்டு அடைவின் கான்ஃபிக் பகுதிக்குள், சிஸ்டம்டி, யூசர் என்ற அடைவில் சேவைக் கோப்பை வையுங்கள். தோற்றால் இரண்டு வினாடி கழித்து மறுபடி தொடங்கு என்ற வரியும் வேண்டும். பைத்தானை ஹைபன் யு சேர்த்து அழையுங்கள். இல்லையேல் அச்சிட்ட வரிகள் பதிவேட்டில் வர வெகுநேரம் ஆகும், நிரல் தூங்குகிறது என்று நினைப்பீர்கள்.

ரூட் என்ற நிர்வாகிப் பயனரின் சேவையாக எழுதாதீர்கள். பைப்வயர் உங்கள் கணக்கில் ஓடுகிறது, ரூட்டின் கணக்கில் இல்லை. திரையில்லாத கணினியில் எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு வழியாக மட்டும் நுழைபவர்கள் தங்களை ஆடியோ குழுவில் சேர்த்துக்கொண்டு, வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். குழு மாற்றம் ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வுக்குத் தெரியாது.

கேபிள் கழன்றால் மிடோ புகார் சொல்லாது. போர்ட் திறந்தபடியே இருக்கும், செய்தி மட்டும் வராது. திரும்பச் செருகினாலும் இணைப்பு தானாக ஒட்டாது. எனவே சுற்றுக்குள், இரண்டு வினாடிக்கு ஒருமுறை பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். திறந்து வைத்த பெயர் காணாமல் போனால், முதலில் ஸ்டாப் பட்டனின் வேலையைச் செய்துவிட்டு, போர்ட்டை மூடி, பெயர் மறுபடி தோன்றும்வரை காத்திருங்கள். சிந்த்தின் பெயருக்கும் இதே சோதனை: உள்நுழைந்ததும் ஸ்கிரிப்ட் முதலில் எழுந்து, க்யூசிந்த் பிறகுதான் எழும், காத்திருக்கத் தெரியாத நிரல் அங்கேயே விழும்.

10. சோதிக்க வேண்டியவை

ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு சுருதி மாற்றுங்கள், விரலை எடுங்கள். ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டே கீபோர்டின் கேபிளைப் பிடுங்குங்கள், செருகுங்கள். இரண்டு கருவிகளையும் இடம் மாற்றிச் செருகிக் கணினியை மறுபடி தொடங்குங்கள். க்யூசிந்த்தை மூடித் திறங்கள். சிந்த் பெயர் ஏகனெக்ட் பட்டியலில் இரண்டு முறை தெரிந்தால் பின்னணியில் இன்னொரு ஃப்ளூயிட்சிந்த் ஓடுகிறது. ஒன்றை நிறுத்துங்கள், இல்லையென்றால் ஸ்கிரிப்ட் தவறான ஒன்றோடு பேசும்.

இந்த நான்கையும் வீட்டில் செய்து பார்த்த பிறகு, மடிக்கணினியில் திரை அணைவதையும் உறக்கத்துக்குப் போவதையும் நிறுத்தி வையுங்கள். மிடி கீபோர்டை வாசிப்பதைக் கணினி உங்கள் இருப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை. நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அது தூங்கப் போய்விடும்.